40,000 வெள்ளியை எதில் போடுவது: விலையிலா, வேனிலா, வேலையாளிடமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வருமான வரி பாரம் நிரப்ப வருகிறவர்கள் வேலை முடிந்ததும் உடனே எழுந்து போவதில்லை. "அண்ணே, இன்னொண்ணு கேட்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நாளாக அந்த "இன்னொண்ணு" பெரும்பாலும் ஒரே விஷயம்தான். கையில் 40,000 வெள்ளி (ரிங்கிட்) அளவுக்கு இருக்கிறது. பாதி சேமிப்பு, பாதி டெக்குன் ஸ்புமி கடன் (இந்தியச் சிறு வியாபாரிகளுக்கு அரசாங்கம் கொடுப்பது). பக்கத்து வரிசையில் மினிமார்க்கெட் வரப்போகிறது, இல்லை வந்தே விட்டது. இருக்கிற மளிகைக்கடையை நிலைநிறுத்த இந்தப் பணத்தை எங்கே போடுவது?

கேட்கிறவர் மனத்தில் அநேகமாக ஒரு பதில் இருக்கும். ஒரு சாரார் விலையைக் குறைத்து, கடைக்கு ஏர்கான் போட்டு, மினிமார்க்கெட்டோடு நேருக்கு நேர் மோதலாம் என்பார்கள். இன்னொரு சாரார் வேன் வாங்கித் தோட்டம் தோட்டமாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்து வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கலாம் என்பார்கள். கடையில் நிற்கும் மூன்று வேலையாட்களுக்குச் செலவு செய்யலாம் என்று யாரும் தாமாகச் சொல்லிக் கேட்டதில்லை. நான் அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

ஒப்பிட ஒரு மாதிரிக் கடையை வைத்துக்கொள்வோம். எந்தக் கடையின் உண்மைக் கணக்கும் இல்லை, கணக்குப் போட வசதியான எண்கள். மாத விற்பனை 80,000 வெள்ளி. சரக்கின் அடக்கவிலை போக நிற்பது நூற்றுக்கு 15, அதாவது 12,000. கணவன் மனைவி இருவரும் கடையில்தான். வேலைக்கு மூன்று பேர், ஆளுக்குக் குறைந்தபட்ச சம்பளம் 1,700. அதன்மேல் முதலாளி கட்ட வேண்டிய 13 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 221 வெள்ளி, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), வேலையிழப்புக் காப்புறுதி எல்லாம் சேர்த்தால் ஓர் ஆளுக்கு 1,950-ஐத் தாண்டும். மூவருக்கும் ஏறக்குறைய 5,900. வாடகையும் மின்கட்டணமும் 2,700 என்றால், கடைசியில் அந்தக் குடும்பத்தின் கையில் நிற்பது 3,400 வெள்ளி. இந்த 3,400-ஐக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

விலை. எல்லாச் சாமானிலும் நூற்றுக்கு மூன்று குறைத்தால் மாதம் 2,400 போகும். மிச்சம் 1,000. பழைய 12,000-ஐத் திரும்பப் பிடிக்க எவ்வளவு கூடுதலாக விற்க வேண்டும்? 68,000 வெள்ளிச் சரக்கை இப்போது 77,600-க்கு விற்கிறோம், 9,600தான் நிற்கிறது. ஆகவே சரக்கு 25 விழுக்காடு கூடுதலாக ஓடினால்தான் நின்ற இடத்துக்கே வந்து சேர்வோம். பக்கத்தில் புதுக் கடை திறக்கிற நேரத்தில் கால் பங்கு கூடுதல் வியாபாரம்! விற்பனை கூடவே இல்லை என்றால் 40,000 வெள்ளியும் பதினாறு, பதினேழு மாதத்தில் கரைந்துவிடும். ஏர்கானைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, மின்கட்டணம் ஏறும், அவ்வளவுதான்.

அதோடு, ஆளை இழுக்கிற சாமான்களில் விலை நம் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50 வெள்ளி, உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி என்று அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. தீபாவளி சமயத்தில் இன்னும் சில பொருட்களுக்கு உச்சவிலை போடுவார்கள். இவற்றில் போட்டியே கிடையாது. போட்டி நடப்பது மைலோ, பால்மாவு, பெம்பர்ஸ், சோப்புத்தூள் போன்ற பெயர்போன சரக்கில். அங்கே லோரி லோரியாக வாங்குகிறவனுக்குக் கிடைக்கும் கொள்முதல் விலை நமக்கு எந்த ஜென்மத்திலும் கிடைக்காது.

இங்கே 99 ஸ்பீட்மார்ட் என்ற மினிமார்க்கெட் நிறுவனத்தின் கதையை எடுத்து வைப்பவர்கள் உண்டு. அதைத் தொடங்கிய லீ தியாம் வா போலியோவால் கால் நடக்க முடியாமல் போனவர். 1987-இல் கிள்ளானில் ஒரு சின்ன மளிகைக்கடையோடு ஆரம்பித்தார். 2024 செப்டம்பரில் அந்த நிறுவனம் புர்சா மலேசியா பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோது 2,600-க்கும் மேல் கடைகள். "அவரும் நம்மைப் போலத்தானே ஆரம்பித்தார், விலை குறைத்துத்தானே வளர்ந்தார்" என்று கேட்கிறார்கள். அவர் ஆரம்பித்த இடம் நம் இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை, கடைகள் பெருகி மொத்தக் கொள்முதல் பெருகியதால் வந்த விலை. ஒரே கடையை வைத்துக்கொண்டு அந்த விலையிலிருந்து தொடங்குவது மாடியிலிருந்து கீழ்நோக்கி வீடு கட்டுகிற மாதிரி.

விலையை அடியோடு மறந்துவிடலாம் என்று சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் விலை மனப்பாடமாகத் தெரிந்த சாமான் ஒரு பத்து இருக்கும்: முட்டை, வெங்காயம், மைலோ, கெட்டிப்பால், இப்படி. அந்தப் பத்தில் மட்டும் மினிமார்க்கெட்டைவிட இருபது காசுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள், கருவாடு, பூசைச் சாமான், புழுங்கல் அரிசி, பருப்பு வகையெல்லாம் நம் சரக்கு. அங்கே யாரும் பத்துக் காசுக்காக ஓடமாட்டார்கள். புள்ளி சேர்க்கும் அட்டை அடித்துக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம்.

சரி, வேனுக்கு வருவோம். வாடிக்கையாளரை மனத்தில் வைத்து வியாபாரம் செய்வது என்று கூட்டங்களில் எல்லாரும் பேசுகிறார்கள். நம் ஊரில் அந்த வாடிக்கையாளர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். எல்பில், ஹீவுட் பக்கம் தோட்டத்தில் இன்னும் இருக்கிற கொஞ்சக் குடும்பங்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து, பிள்ளைகளை ஈப்போவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற தாத்தா பாட்டிகள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். லிந்தாங் பக்கமிருந்து இறங்கி வரும் பூர்வகுடிகள். மலாய்க்காரர், சீனர் என்று சாலையோரத் தாமான்களில் இருப்பவர்கள். இத்தனை பேருக்கும் வேண்டியது ஒன்றாக இருக்காது. தனியாக இருக்கும் பாட்டிக்குப் பத்துக் கிலோ அரிசி வீட்டுக்குள் வந்து இறங்க வேண்டும். வங்காளதேசித் தம்பிக்குச் சம்பள நாள் இரவு ஒன்பதரைக்குக் கடை திறந்திருக்க வேண்டும். தோட்டத்துக் குடும்பத்துக்கு மாதக் கடைசியில் கடன் வேண்டும்.

இவற்றில் வேன் தீர்த்துவைப்பது ஒன்றைத்தான். பழைய வேன் ஒன்று 22,000 என்று வைப்போம். பெட்ரோல், ரோட்டேக்ஸ், காப்புறுதி, பழுதுபார்ப்பு மாதம் 900. வேனின் விலையை மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 600-க்குக் கொஞ்சம் மேல். ஆக 1,500. இதை ஈடுகட்ட மாதம் 10,000 வெள்ளிக் கூடுதல் விற்பனை வேண்டும், அதாவது ஏறக்குறைய 13 விழுக்காடு. விலைக்குறைப்பின் 25-ஐவிட எவ்வளவோ மேல். அதனால்தான் வேன் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அவர்கள் பாதி வழி சரியாக வந்திருக்கிறார்கள். பெரும்பாலான கடைகளுக்கு ஒரு காப்சாய் மோட்டாரும் (சின்ன மோட்டார் சைக்கிள்) பின்னால் பெட்டியும் போதும், ஏறக்குறைய 6,000 வெள்ளிக்குள் முடிந்துவிடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். தோட்டத்து மண்பாதையில் மழைக்காலத்தில் வேனைவிட அது நன்றாகப் போகும்.

இன்னொன்றும் உண்டு, அதை இந்த ஒப்பீட்டுக்குள் சேர்க்கவே மாட்டேன், ஏனென்றால் எந்த வழியில் போனாலும் அது முதலில் ஆக வேண்டிய வேலை. சாரா உதவித்தொகை, அதாவது அடிப்படைச் சாமான் வாங்க அரசாங்கம் கொடுக்கும் பணம். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மைகாட் அடையாள அட்டையில் 100 வெள்ளி வந்தது. மாதாமாதம் சாரா பெறும் குடும்பங்கள் தனி. அந்தப் பணத்தைப் பதிவுபெற்ற கடையில் மட்டும்தான், குறிப்பிட்ட அடிப்படைப் பொருட்களுக்கு மட்டும்தான் செலவிட முடியும். கையில் காசு இருந்தால் நம் கடைக்கு வருகிற அதே அக்கா, மைகாட்டில் காசு இருக்கும்போது பதிவுள்ள கடைக்குத்தான் போவார். போனவர் அங்கேயே மற்ற சாமானையும் வாங்கிக்கொண்டு வருவார். பாசத்தால் இதைத் தடுக்க முடியாது. பதிவு செய்யாத கடைகள் இன்னும் இருக்கின்றன என்பதே எனக்கு ஆச்சரியம்.

கடனுக்கு வருகிறேன், ஏனென்றால் மினிமார்க்கெட் செய்ய முடியாத, செய்யவும் விரும்பாத ஒரே சேவை அதுதான். கடன் கணக்கு எழுதும் 555 நோட்டுப்புத்தகம் தெரியாதவர் இந்த நாட்டில் இருக்க மாட்டார்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தப் புத்தகத்தில்தான் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து அடுப்பு எரிந்திருக்கிறது. கடைகள் மூழ்கியதும் அதே புத்தகத்தில்தான். நான் பார்த்தவரை கடன் கொடுத்ததால் மூழ்கிய கடைகளைவிட, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஒரே ஆள் முடிவு செய்யாததால் மூழ்கிய கடைகள் அதிகம். அண்ணன் 200 வெள்ளி வரை என்று சொல்லியிருப்பார். அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் அண்ணி 100 சேர்த்துக் கொடுத்திருப்பார். சாயங்காலம் கல்லாவில் நின்ற பையன் "அங்கிளிடம் சொல்லிட்டேன்" என்ற வார்த்தையை நம்பி இன்னும் 50 கொடுத்திருப்பான்.

ஒரு குடும்பத்துக்கு ஓர் உச்சவரம்பு, சம்பள நாளிலிருந்து மூன்று நாளுக்குள் பாதியாவது கட்டினால்தான் புதுக்கணக்கு, இந்த இரண்டையும் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. பாக்கியை வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்கக் கூடாது. பாக்கியைக் கேட்டு அவமானப்படுத்தப்பட்டவர் கடனையும் கட்டமாட்டார், கடைப்பக்கமும் வரமாட்டார். பாக்கி வசூல் பற்றி எனக்குத் தெரிந்த முழு ஞானமும் இதுதான்.

இந்தக் கடன் விஷயத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். வாடிக்கையாளருக்கு நாம் செய்வதாகச் சொல்கிற நல்லது எல்லாம் கல்லாவில் நிற்கிற ஆள் வழியாகத்தான் போகிறது. எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம், பாக்கியை எந்தக் குரலில் கேட்பது, எந்தப் பாட்டிக்குச் சர்க்கரை நோய், யார் வீட்டில் போன வாரம் காரியம் நடந்தது என்பதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டாரில் சாமான் கொண்டுபோகிற தம்பி எட்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டால், அவனோடு அந்த அறிவும் போய்விடும். புது ஆளுக்கு வீடு தெரியாது. பாட்டிக்குப் புது ஆளைத் தெரியாது, கதவைத் திறக்கப் பயப்படுவார்.

ஆகவே மூன்றாவது வழி. மூன்று பேருக்கும் ஆளுக்கு 300 வெள்ளி சம்பளம் கூட்டினால் 900, அதற்கு இபிஎஃப் 117, சொக்சோவில் கொஞ்சம் ஏறும். மாதம் 1,040 என்று வைப்போம். வருடத்துக்கு 12,500. அதே 40,000 வெள்ளி இந்தச் செலவை மூன்று வருடத்துக்கு மேல் தாங்கும். இதை ஈடுகட்ட வேண்டிய கூடுதல் விற்பனை மாதம் 7,000-க்குக் கொஞ்சம் குறைவு, நாளுக்கு 230 வெள்ளி, நூற்றுக்கு ஒன்பதைக்கூடத் தொடவில்லை. 25, 13, 9. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தாலே வரிசை தெரிகிறது.

எண்கள் சொல்லாத பகுதிதான் கஷ்டமானது. சம்பளத்தைக் கூட்டிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி இருந்தால் 230 வெள்ளி வராது. நம் ஊர்க் கடைகளில் வேலையாளை நடத்துகிற முறை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் துரை (நிர்வாகி) கிராணியை (எழுத்தர்) ஏசுவார், கிராணி கங்காணியை (மேஸ்திரி), கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கிற கூட்டத்தை. தோட்டத்தை விட்டு வெளியே வந்து கடை போட்ட நம் அப்பாக்கள், தாத்தாக்கள் பார்த்திருந்த ஒரே நிர்வாகம் அதுதான். கடையிலும் அதையே நடத்தினார்கள். வாடிக்கையாளர் எதிரிலேயே வேலையாளைத் திட்டுவது, முட்டை உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பது, கல்லாவில் பத்து வெள்ளி குறைந்தால் சந்தேகப்படுவது. நாட்டின் தொழிலாளர் சட்டப்படி முதலாளி தன் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முடியாது என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

பயத்தில் வேலை செய்கிற ஆள் தப்பை மறைப்பார். வண்டு வைத்த கோதுமை மாவை முதலாளியிடம் சொன்னால் "நீ ஏன் முன்னாடியே பார்க்கல" என்று ஏச்சு விழும் என்றால், சொல்லாமல் பின்வரிசையில் தள்ளி வைத்துவிடுவார். அடுத்த வாரம் அது ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும். அவர் புகார் சொல்ல மாட்டார். நம் ஆட்கள் தெரிந்த கடையில் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவார்கள், மினிமார்க்கெட்டுக்குப் போய்விடுவார்கள். முதலாளி விலைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்து விலையைக் குறைக்கலாமா என்று கேட்பார்.

இதற்கு நான் சொல்கிற மருந்து ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் இருந்து எடுத்தது. அங்கே ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க ஊழியர் மேலாளரைக் கேட்காமலே 2,000 அமெரிக்க டாலர் வரை செலவு செய்யலாம் என்று ஒரு விதி உண்டு. நமக்கு 20 வெள்ளி போதும். கெட்டுப்போன சாமானோடு யார் வந்தாலும், கல்லாவில் நிற்கிறவர் முதலாளிக்குப் போன் போடாமல் 20 வெள்ளி வரை மாற்றிக் கொடுக்கலாம். சாயங்காலம் நோட்டில் எழுதி வைத்தால் போதும். ஏய்க்கிறவர்கள் இருப்பார்களா? இருப்பார்கள். மாதம் இரண்டு பேர் ஏய்த்தால் 40 வெள்ளி. அந்த நோட்டைப் படித்தால் எந்தச் சப்ளையர் நமக்குக் கெட்ட சரக்கைத் தள்ளுகிறார் என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அதன் மதிப்பு 40 வெள்ளிக்கு மேல்.

அப்புறம் ஓய்வு நாள். காலை எட்டு மணி முதல் இரவு பத்து வரை, வாரம் ஏழு நாளும் என்றால் கடை திறந்திருப்பது 98 மணி நேரம். 2023 ஜனவரி முதல் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், முன்பு 48 இருந்தது. அதற்கு மேல் ஓவர்டைம். ஆக ஓர் இடத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றாலே இரண்டு பேருக்கு மேல் தேவை. மூன்று பேரை வைத்து இரண்டு இடத்தை ஓட்டுகிறபோது யாருடைய ஓய்வு நாளாவது திருடப்படுகிறது. பொதுவாக அது யார் எதிர்த்துப் பேசமாட்டாரோ அவருடைய ஓய்வு நாள். "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கறோம்" என்று சொல்கிற கடைகளில்தான் இபிஎஃப் கட்டாததையும் வருடாந்திர விடுமுறை கொடுக்காததையும் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லையா? இரவு எட்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு, சம்பள வாரத்தில் மட்டும் பத்து வரை திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எட்டரைக்குப் பிறகு வருகிற விற்பனையைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பல கடைகளில் அது மின்கட்டணத்துக்கே சரியாகப் போகும்.

பயிற்சி என்றால் பெரிய கம்பெனி விஷயம் என்று நினைக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். அங்கே கிராமத்துப் பெண்களைப் பள்ளி முடித்தவுடன் எடுத்து, இரண்டு வருடம் அவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். நோயாளியைத் தயார்ப்படுத்துவது, கண்ணைச் சோதிப்பது என்று அறுவைக்கு முந்தைய வேலைகளில் பெரும்பகுதியை அந்தப் பெண்கள் செய்வதால், டாக்டர் அறுவை மட்டும் செய்துகொண்டு போகலாம். அங்கே நோயாளிக்குக் கிடைக்கும் நல்ல கவனிப்பு அந்தப் பெண்களின் கையில் இருக்கிறது. நம் கடையில் இதற்கு ஈடாகச் செய்யக்கூடியது எளிது: ஒருவருக்குக் கொள்முதல், ஒருவருக்கு 555 கணக்கு, ஒருவருக்கு வாட்ஸ்அப் ஆர்டரும் டெலிவரியும் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்து, ஆறு மாதம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பது. அண்ணன் கொள்முதலை விட்டுக் கொடுக்கத் தயங்குவார். அவர் பார்க்க வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

"சொல்லிக் கொடுத்தபிறகு ஓடிப்போனால்?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. நியாயமான பயம். ஜோகூர் வழியாகச் சிங்கப்பூர் போகிற பையன்களை 300 வெள்ளியால் நிறுத்த முடியாது. அமெரிக்காவில் ஸப்போஸ் என்ற செருப்புக் கம்பெனி, பயிற்சியில் இருந்த புது ஊழியரிடம் "விலகுவதென்றால் இப்போதே விலகு, பணம் தருகிறோம்" என்று 2,000 டாலர் கொடுத்துப் பார்த்தது. மனம் ஒட்டாதவர்கள் போகட்டும் என்று. நம் ஊரில் அதைச் செய்தால் மூன்று பேரும் வாங்கிக்கொண்டு அன்று இரவே பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் கடை வேலைக்கு வருகிறவர்களில் பலர் போகிற வகை இல்லை. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிற, மாமியாரைப் பார்த்துக்கொள்கிற, காடி (கார்) இல்லாத பெண்கள். இவர்களுக்குக் கடையிலிருந்து ஐந்து நிமிடத்தில் வீடு என்பதே பெரிய காரியம். பள்ளி விடுகிற நேரத்துக்கு அரை மணி வெளியே போய் வரலாம் என்றால், அந்த ஓர் அனுமதி 300 வெள்ளிக்கு மேல் நிற்கும். மினிமார்க்கெட்டின் ஷிப்ட் அட்டவணை அதைக் கொடுக்காது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் பையன் என்பதற்காக எடுத்துவிட்டு, பிறகு திட்டவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் தவிக்கிற கடைகளும் இருக்கின்றன. அவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

இலாபத்தில் பங்கு கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. வேலை செய்கிறவனே பங்குதாரனாக இருக்கலாம் என்பது சுங்கை சிப்புட் காரர்களுக்குப் புதிதாக இருக்கக் கூடாது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் ஆரம்பித்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் மாதாமாதம் கொடுத்த காசில் தோட்டம் வாங்கினார்கள். முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சிடிம். ஒரு மளிகைக்கடையில் அவ்வளவு பெரிதாக ஒன்றும் வேண்டாம். தீபாவளி மாதத்து இலாபத்தில் நூற்றுக்கு ஐந்தை மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுத்து, கணக்கையும் காட்டுங்கள். பணத்தைவிடக் கணக்கைக் காட்டுவதுதான் முதலாளிகளுக்கு வலிக்கிறது என்பதையும் கவனித்திருக்கிறேன்.

ஆகவே அந்த 40,000-ஐ நான் பிரிக்கிற விதம் இது. முதல் வருடச் சம்பள உயர்வுக்கு 12,500. காப்சாய், பெட்டி, மழைச்சட்டை எல்லாம் சேர்த்து 6,500. சாரா பதிவுக்கும், ஸ்கேன் செய்து சரக்கைக் கணக்கில் வைக்கும் கருவிக்கும் 4,000. மிச்சம் 17,000-இல் ஒரு பகுதியைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்க வைத்துக்கொண்டு, மற்றதை இரண்டாம் வருடச் சம்பளத்துக்கு என்று பேங்கில் போட்டுவிடலாம். விலைக்கு ஒரு காசும் இல்லை. வருட முடிவில் மூன்று பேரில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், 555 பாக்கி ஏறியதா இறங்கியதா, நாள் விற்பனையில் அந்த 230 கூடியதா என்று பார்த்தால் போதும்.

எல்லாருக்கும் இந்த விடை பொருந்தாது. வேலையாளே இல்லாமல் கணவனும் மனைவியும் மட்டும் நடத்துகிற கடைக்கு முதல் செலவு மோட்டார்தான். பெரிய சாலையோரத்தில், யாரென்று தெரியாத வழிப்போக்கர்களை நம்பியிருக்கிற கடைக்கு வேலையாளின் ஊர்ப்பழக்கம் பெரிதாக உதவாது, அங்கே விலையும் குளிர்ந்த தண்ணீரும்தான் பேசும். 555-இல் ஏற்கெனவே இரண்டு மாத விற்பனை அளவுக்குப் பாக்கி முடங்கியிருந்தால் ஸ்புமி கடனே எடுக்க வேண்டாம், முதலில் அதில் பாதியை வசூலிக்கப் பாருங்கள்.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். வயது அறுபதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருப்பவர்கள், கடை வீடும் சொந்தமாக இருப்பவர்கள். அவர்கள் என்னிடம் கேட்டால் இந்த மூன்று வழியையும் நான் சொல்வதில்லை. நம் மாதிரிக் கடையில் 14 மணி நேரம் நின்று இரண்டு பேர் எடுப்பது 3,400. சொந்தக் கடை வீடு என்றால் அதில் வாடகை மிச்சமாகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் என்ன வரும் என்று பக்கத்து வரிசையில் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லையென்றால், அந்த மினிமார்க்கெட்காரர் இடம் தேடி வரும்போதே வாடகை பேசிவிடலாம். மூன்று வேலையாட்களுக்கும் சட்டப்படி சேர வேண்டியதைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, புதுக் கடைக்கு ஆள் எடுக்கும்போது அவர்களை முதலில் கூப்பிட வேண்டும் என்பதையும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.